வழிந்துவிடுமோ என்ற தொட்டி

பழைய கார் ஒன்று நான்கு மாதமாக ஷெட்டில் அசையாமல் நின்றது. அதன் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் மூலம் கியருக்குக் கடத்தும், மேலே இருக்கும் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடித்தொட்டிக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

தொட்டிக்குக் கிலி பிடித்துவிட்டது. “அளவுகோலண்ணே, கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் ஏறுதா?”

“கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் ஏறியிருக்கு,” என்றது, எண்ணெய் மட்டம் பார்க்கத் தொட்டிக்குள் செருகியிருந்த அளவுகோல்.

“ஐயோ, ஓரத்து ரப்பர் சீல் தாங்காதே!”

மேலிருந்து கன்வெர்ட்டர் சொன்னது: “பதறாதே. அது என்னோட எண்ணெய். எஞ்சின் ஓடினதும் திரும்ப வாங்கிக்குவேன். அதுவரைக்கும் வெச்சிரு.”

“நாலு மாசமா இதையேதான் சொல்றே! தரையில வழிஞ்சா பேர் கெடுறது எனக்குத்தானே?”

ஞாயிறு காலை, கார்க் கண்காட்சிக்குக் கிளம்புவதற்காக உரிமையாளர் அருமைநாயகம் வந்தார். எஞ்சினை ஓட விடாமலே அளவுகோலை உருவிப் பார்த்தார். “அடடா, மெக்கானிக் கூடுதலா ஊத்திட்டானே!” என்று தொட்டியின் அடியில் பக்கெட்டை வைத்து, எண்ணெயை இறக்க அடித்திருகைக் கழற்றினார்.

“எஞ்சின் ஓடுறப்போ பார்க்கணும்னு சொல்லேன்!” என்று கன்வெர்ட்டர் அளவுகோலிடம் அலறியது.

“எவ்வளவு இருக்குன்னு காட்டுறதுதான் என் வேலை,” என்றது அளவுகோல்.

தொட்டி, “அப்பாடா!” என்று மூச்சு விட்டது.

எண்ணெய் கோட்டுக்கு இறங்கியதும் அவர் திருகை மூடினார். எஞ்சின் உறுமியது. கார் வாசல் சரிவு வரை வந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது.

“என் எண்ணெயில மீதி எங்கே?” என்றது கன்வெர்ட்டர்.

ஷெட் மூலையில் இருந்த பக்கெட், பக்கத்தில் கிடந்த அழுக்குத் துணியிடம் கேட்டது: “கழுத்து வரைக்கும் வந்துடுச்சே, வழிஞ்சிடுமோ?”