சட்டிக்குள் இன்னொரு மூடி

ரோஸ்லின் குடிக்கும் சூப்பில் ஒரு பொட்டுக் கொழுப்புகூட மிதக்கக் கூடாது. மிதந்தால் குமட்டும். எடை இரண்டு கிலோ ஏறினால்தான் அடுத்த ஊசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் கணவர் தேவசகாயம், குழம்புக்குக் கறியை அரிந்தபின் மிஞ்சிய மாட்டெலும்பை நான்கு மணி நேரம் சிறுதீயில் வேகவைத்தார். மிதந்த கொழுப்பைக் கரண்டியால் அள்ளப் போனால், ஒரு பொட்டு இரண்டாக உடைந்து நழுவியது. துணியில் வடித்தார், துணி வழியாகவும் இறங்கியது.

"இன்னும் மெதக்குதுங்க." அவள் தம்ளரைத் தள்ளி வைத்தாள். "அந்த எலும்புலகூட என்னைவிட சதை ஜாஸ்தி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டவும் மனம் வராமல் சட்டியை ஃப்ரிட்ஜில் வைத்தார்.

காலையில் சட்டியைத் திறந்தால், உள்ளே இன்னொரு மூடி இருந்தது, வெள்ளையாக, வட்டமாக. விளிம்பில் விரல் கொடுத்துத் தூக்கினார். முழுசாக வந்தது. அடியில் சூப்பு கூழாக உறைந்து நடுங்கியது. அதைச் சூடாக்கிக் கொடுத்தார்.

ரோஸ்லின் தம்ளரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு மிடறு குடித்தாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல, ரோசு. குளிர்ல சும்மா விட்டேன். கொழுப்பு தானா மேல வந்து கட்டிக்கிச்சு. எடுத்துட்டேன்."