துடைத்தெடுத்த கடல்

“என் வீட்டுக்காரர் அஹோங்கோட படகை அழிச்சது யாரு? அந்த ஆளை வரச் சொல்லுங்க.”

செயற்கைக்கோள் ஆய்வு நிலையத்தின் வாசலில் சுய்யூன் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலில் ரப்பர் பூட்ஸ். மீன் ஏலக் கூடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள்.

மிங்சே இறங்கி வந்தான். “நான்தான்க்கா. நாங்க படகையெல்லாம் அழிக்கிறதில்ல. இரைச்சலைத்தான் அழிக்கிறோம்.”

“இரைச்சலா? அதுக்குள்ள மூணு மனுஷங்க இருக்காங்க சார். புயல் அடிச்சு அஞ்சு நாளாச்சு. படகு இருக்கிற இடத்தைக் காட்டுற பெட்டி செத்துப்போச்சு. கடல் காக்குற மாட்சு அம்மன்கிட்டயும் கேட்டாச்சு, கடலோரக் காவல்படைகிட்டயும் கேட்டாச்சு. ‘உன் புருஷன் ரேடியோ வானத்துல செயற்கைக்கோளுக்கே கேக்கும்மா, ஆனா படத்துல வராம அந்த ஆபீஸ்ல துடைச்சிடுவாங்க’ன்னு அங்க ஒருத்தர் சொல்றாரு. எதுக்குத் துடைச்சீங்க?”

மிங்சேவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் சோறு தூக்கம் பார்க்காமல் எழுதிய கணினி வடிகட்டி அது. கடல் தானாக விடுகிற மெல்லிய ரேடியோ அலையைக் கேட்டு, தண்ணீரில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று சொல்லும் கருவி மேலே சுற்றுகிறது. கீழே இந்தப் படகுக்காரர்கள் அனுமதியில்லாத ரேடியோவை வைத்துக்கொண்டு அதன் காதிலேயே கத்துகிறார்கள். அதைக் கழித்துக் கட்டியதற்கு நியாயமாக நன்றி சொல்ல வேண்டும். இந்த அம்மாள் சண்டைக்கு வந்திருக்கிறாள்.

“அது திருட்டு ரேடியோக்கா. புயல் எந்தப் பக்கம் வலுக்கும்னு சொல்றதுக்கு எங்களுக்குச் சுத்தமான படம் வேணும். உங்க வீட்டுக்காரர் ஒருத்தரே பாதிக் கடலைக் கெடுத்து வச்சிருந்தாரு, தெரியுமா?”

“நல்லாத் தெரியும். எங்க துறைமுகத்துலயே பெரிய ரேடியோ அவரோடதுதான். நீங்க அனுமதிக்கிற ரேடியோ கரை மறைஞ்சதும் ஊமையாயிடும். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா உங்க சட்டமா வந்து இழுத்துட்டு வரும்? அபராதம் போடுங்க, ஜெயில்ல போடுங்க, நானே கூட்டிட்டு வந்து நிறுத்தறேன். இப்ப அவர் எங்கன்னு காட்டுங்க.”

மிங்சே அவளை மேலே கூட்டிப்போய், வெளியாட்களுக்குக் காட்டக் கூடாத வடிகட்டாத படத்தைத் திறந்தான்.

தைவானைச் சுற்றிக் கடல் முழுக்கச் சிவப்புத் திட்டுகள்.

“ஒவ்வொண்ணும் ஒரு திருட்டு ரேடியோ. இது போன வருஷத்துப் படம். இந்தப் பெரிய திட்டுதான் உங்க வீட்டுக்காரர் படகு.”

சுய்யூன் அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்தாள். “இந்த அஞ்சு நாளைப் போடுங்க.”

போட்டான். முப்பத்தேழு திட்டுகள். படகுப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தான். முப்பத்தேழும் வேறு படகுகள். புயலுக்கு முந்தின நாளைப் போட்டான். அதிலும் அவள் கணவனின் திட்டு இல்லை.

“துடைச்சிட்டீங்க,” என்றாள். “பாவிங்களா, துடைச்சிட்டீங்க.”

“சத்தியமா இதுல நான் கையே வைக்கலக்கா. வந்தது வந்தபடி இருக்கு.”

அவனுக்கும் புரியவில்லை. துறைமுக அலுவலகத்துக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

“யெ அண்ணே, மிங்சே பேசறேன். காணாமப்போன அஹோங் படகுல ரேடியோவை ஏதும் மாத்தினாரா? படத்துல எங்கயுமே தெரியல.”

மறுமுனையில் யெ எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“எப்படித் தெரியும் தம்பி? அவர் ரேடியோ இங்க என் மேசைக்கு அடியில கிடக்கு. போன மாசம் நீ வந்து, திருட்டு ரேடியோவையெல்லாம் கழட்டிடுங்கன்னு அத்தனை பேர் முன்னாடியும் குனிஞ்சு கெஞ்சினியே. எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க. உன் பேச்சைக் கேட்டுக் கழட்டிக் கொண்டாந்து குடுத்தது அவரு ஒருத்தர்தான்.”