குடம் ரெண்டாத் தெரியுது

தெருமுனையில் இருந்த பொதுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண்ணின் சிலையை வைத்திருக்கிறார்கள். 'நீர் சுமக்கும் தாய்க்கு நம் குடியிருப்பின் மரியாதை' என்கிறது பளிங்குக் கல். அதில் தாய்க்குப் பெயர் இல்லை; சங்கத் தலைவரின் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. இன்று திறப்பு விழா; காலை வெயில் சிலையின் புதுப் பெயிண்டில் வழிகிறது. அதே தெருவில் இருக்கும் தையற்காரி பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் குடத்தோடு இங்கேயே வந்து நிற்கிறாள். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு இன்னும் உடம்பு துடைக்கவில்லை. "உன்னத்தான்டி செஞ்சு வெச்சிருக்காங்க. இடுப்பு மட்டும் இரவல்" என்று பக்கத்து வீட்டு அக்கா காதைக் கடிக்கிறாள். தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஐயா, குழாய மறுபடி எங்க போடுவீங்க?" என்று சிலையருகே நிற்கும் தலைவரிடம் கேட்கிறாள். அவர் கேமராவுக்காக வைத்த சிரிப்பைக் கலைக்காமலே, "இதெல்லாம் உங்களுக்காகத்தானேம்மா" என்கிறார். போட்டோக்காரர் கையை வீசுகிறார். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோவுல குடம் ரெண்டாத் தெரியுது." கைதட்டல் எழுகிறது. தையற்காரி தள்ளி நிற்கிறாள். தப்புச் செய்தவளைப் போலக் காலிக் குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.