கூ என்று கத்தாத எஞ்சின்கள்

எமில் கடைசி எஞ்சினைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்து, அதன் அடித்தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பகல் முழுக்கக் கல் சுமந்த கையால் ஆணியை அழுத்தித் திருகினார்.

வாசலில் ஓட்டோ நின்றது. எஞ்சின்களை எடுத்துப்போக முன்பள்ளி ஜெயனி ரீச்சர் வந்திருந்தார். மன்னார் ரவுனிலிருந்து பேசாலைக்கு வந்து ஒரு பள்ளித் தவணைகூட ஆகாதவர்.

மற்ற எஞ்சின்கள் பாயில் வரிசையாகக் கிடந்தன.

மரத்தில் செய்தவை எமிலின் தகப்பனுடையவை. பேசாலை ஸ்ரேசனில் மூட்டை தூக்கிய மனிதர். ரயில் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில் செதுக்கியவை.

ரின்மீன் தகரப் பேணியிலும் பால்மாப் பேணியிலும் செய்தவை எமிலுடையவை. சண்டைக்காலத்தில் தண்டவாளமே இல்லாமல் போன தீவில், ரயிலைக் கண்ணால் காணாமல் வளர்ந்த மகன் றெனால்டுக்காகச் செய்தவை.

றெனால்ட் செத்துப் பத்து வருசமாகிறது. எமில் கடலை விட்டுக் கூலி வேலைக்கு இறங்கியும் பத்து வருசம்தான்.

அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் அந்த எஞ்சின்கள் தன்னையே பார்க்கின்றன, இனி ஒன்றும் வீட்டில் கிடக்கக்கூடாது என்று மாக்கிறட் சொல்லிவிட்டாள். எமில் மனைவியோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

சத்தம் போடாத எஞ்சின் எதுவும் இந்தப் படலையைத் தாண்டக்கூடாது.

அதற்காகத்தான் மடுத் திருவிழாவுக்குப் போனவர் மெழுகுதிரியோடு ஒரு கட்டுப் பிளாஸ்ரிக் ஊதுகுழலும் வாங்கி வந்தார். வாய் வைக்கிற நுனியை மட்டும் வெட்டி எடுத்தார். கட்டட வேலையில் மிஞ்சிய தண்ணிக் குழாய்த் துண்டுகளில் பொருத்தினார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் அடியில் ஒன்று. குழாய் நீண்டால் சத்தம் தடிக்கும். மனதுக்குச் சரியென்று படும்வரை வெட்டி, மாற்றி, ஊதி, பிறகும் மாற்றினார்.

ரீச்சர் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தார்.

பாஆம் என்று முழங்கியது. முற்றத்துக் கோழி வேலிக்கு மேலால் பறந்தது.

"என்னண்ணை இது, எருமை கத்துற மாதிரிக் கிடக்கு. ரயில் எண்டால் கூ எண்டெல்லோ கத்தோணும். பிள்ளையளுக்கு நாங்கள் அப்பிடித்தானே சொல்லிக் குடுக்கிறம்."

"இப்ப ஒரு ரயிலும் கூ எண்டு கத்திறேல்லை, ரீச்சர்."

"இதை ஊதினால் மீன்பிடி றோலர் கரைக்கு வருகுதெண்டு சனம் மீன் வாங்க ஓடப்போகுது." ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

கருவாடு பிரட்டிக்கொண்டிருந்த மாக்கிறட்டின் கை அப்படியே நின்றது. எமில் அடுத்த குழாய்த் துண்டை எடுத்து அளந்தார். ரீச்சரின் சிரிப்பு துணைக்கு ஆளில்லாமல் கொஞ்சநேரம் நின்றுவிட்டு அடங்கியது.

கடைசி எஞ்சின் எல்லாவற்றிலும் சின்னது. அரை மீன் பேணி அளவுதான். அதற்குள் விரல் நீளக் குழாய்தான் போனது.

எமில் ஊதினார். கூ என்றது.

கழற்றி வேறு நுனி மாட்டி ஊதினார். அதுவும் கூ என்றது. மெல்லிசாக, நல்ல வடிவாக.

"பாத்தீங்களே அண்ணை, இதுதான் அச்சொட்டா ரயில். இதுக்குத்தான் பிள்ளையள் அடிபடப்போகுதுகள்." ரீச்சர் கையை நீட்டினார்.

எமில் கொடுக்கவில்லை.

"இது வேண்டாம், ரீச்சர். பிள்ளையள் இதைக் கேட்டுப் பழகக்கூடாது."

ரீச்சருக்கு விளங்கவில்லை. மாக்கிறட்டைப் பார்த்தார்.

ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று நின்ற மாக்கிறட் எழுந்து வந்தாள். உப்புக் கையைச் சீலையில் துடைத்தாள். புருசனின் கையிலிருந்த சின்ன எஞ்சினை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அது கிடக்கட்டும்," என்றாள் வெளியே வந்து. "மற்றதுகளை ஏத்துங்கோ."

ஓட்டோ புறப்பட்டது. முடக்கில் திரும்புகிற இடத்தில் ஓட்டோக்காரன் ஒன்றை எடுத்து விளையாட்டுக்கு ஊதியிருக்க வேண்டும்.

பாஆம்.

புருசனும் மனைவியும் கடல் பக்கம் பார்க்காமல் நின்றார்கள்.

றெனால்ட் செத்தது, இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய கிழமையில். அந்தச் சின்ன எஞ்சினை உண்மையான தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று றெனால்ட் தனியாகப் போயிருந்தான். குந்தியிருந்து, கூ, கூ என்று வாயால் கத்திக்கொண்டு உருட்டியிருக்கிறான். தகப்பன் சொல்லிக் கொடுத்த கூ. தகப்பன் அந்த நேரம் றோலரில், கடலுக்குள்.

ரயில் தூரத்திலேயே ஹோண் அடித்ததாம். விடாமல் அடித்ததாம்.

வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் கண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் பிள்ளை எழும்பினானாம். தண்டவாளத்தில் நின்றபடியே கடல் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு கையை ஆட்டினானாம்.