கால்கட்டு

"நானா? வேற ஆளே கெடைக்கலையா உங்களுக்கு?" கட்டிலில் இருந்த சினார் கணவனை முறைத்தாள்.

"முற்றத்துல எல்லாரும் வந்தாச்சு. கயிறு ரெடி, கத்தரிக்கோல் ரெடி. நீ வந்தாத்தான் நடக்கும்" என்றான் எர்மெக்.

அவர்கள் ஊரில், நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி, யாராவது அந்தக் கயிற்றை வெட்டிவிடுவார்கள். வெட்டுகிறவரின் நடை குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. குதிரையிலிருந்து விழுந்து, இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டும் காலைத் தாங்கித் தாங்கி நடந்த சினாரை, இத்தனை வருடங்களில் ஒருவரும் அதற்குக் கூப்பிட்டதில்லை.

அந்தச் செயற்கை மூட்டும் தேய்ந்து, தேய்ந்த தூள் எலும்பை அரித்து, ஆட்டம் கண்டுவிட்டது. இந்த வசந்தத்தில்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அதைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்தினார்கள். வாக்கரை விட்டுவிட்டு நடக்காவிட்டால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. இதுவும் தேய்ந்தால்? மறுபடி அறுத்தால் எலும்பு மிஞ்சுமா? பயம் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை.

"பெகிமாய் பாவங்க. உங்க தம்பி பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் என் நொண்டி நடை வரணுமா?"

"வராது, வா."

"அவதான் குதிரைக்குட்டி கணக்கா ஓடுறாளே! இன்னுமா வெட்டல?"

"உனக்காகத்தான் இந்தக் கயிறே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டுவிட்டார்களே! வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்திருக்க, அவளுக்கு மட்டும் உயரமான நாற்காலி போட்டிருந்தார்கள்.

"கத்தரிக்கோலைக் குடுங்க. குழந்தை எங்க?"

எர்மெக் அவள்முன் மண்டியிட்டான். சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து, அவளுடைய கணுக்கால்களைச் சுற்றித் தளர்வாகக் கட்டினான்.

"என்னங்க பண்றீங்க?"

"பெகிமாய்க்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே வெட்டியாச்சு. இது உனக்கு." வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைகளை நீட்டினான். "வெட்டுறவங்க நடைதானே வரும்? அதான், இந்த வீட்லயே யாராலயும் பிடிக்க முடியாத ஆளாப் பார்த்துக் கூப்பிட்டிருக்கோம்."

தன் அம்மாவின் கையோடு சேர்த்துக் கத்தரிக்கோலைப் பிடித்தபடி, சினாரின் காலடியில் வந்து நின்றாள் பெகிமாய்.