வாயால் சொல்லும் ஓட்டு

ஏப்ரல் வெயில் நீதிமன்றத்தின் உயரமான ஜன்னல் வழியே மேசைமேல் விழுகிறது. மேசைக்குப் பின்னால், தேர்தலில் நிற்கும் இருவர், ஜனாதிபதி ஆடம்ஸின் ஆளான கர்னல் வார்ம்லியும் அவரை எதிர்க்கும் ஜெபர்சன் பக்கத்து வக்கீல் க்ரட்சரும், தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஓட்டை அவர்கள் முகத்துக்கு நேரே வாயால் சொல்ல வேண்டும். ஓட்டு கிடைத்தவர் எழுந்து நன்றி சொல்வார். பீப்பாய் செய்யும் ஏனோக் சாலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னே வருகிறான். அவன் பீப்பாய்களில் பாதிக்கு மேல் கர்னலின் புகையிலைக்குத்தான் போகின்றன. முற்றத்தில் கர்னல் ஊருக்கே இலவசமாக ஊற்றும் ரம்கூட அவன் செய்த பீப்பாயில்தான் இருக்கிறது. அதில் ஒரு மிடறும் அவன் குடிக்கவில்லை. ஜனாதிபதியைக் கிண்டலடித்து ஒரு பாட்டு அச்சடித்து, அடியில் தன் பெயரையும் போட்டதற்காக அவன் தங்கை புருஷன் வடக்கே சிறையில் கிடக்கிறான்.

"யாருக்கு, ஏனோக்?" என்கிறார் தேர்தலை நடத்தும் ஷெரீஃப்.

"க்ரட்சருக்கு."

ஓட்டுகளை நோட்டில் பதியும் குமாஸ்தாவின் இறகுப் பேனா அந்தரத்தில் நிற்கிறது. கர்னல் சிரிக்கிறார். "தொண்ட கம்மிப்போச்சு போல, சரியாக் கேக்கலயே. வெளிய போயி ஒரு வாய் ரம் குடிச்சிட்டு, நிதானமா வந்து சொல்லுப்பா."

ஏனோக்கின் விரல்கள் தொப்பி விளிம்பைக் கசக்குகின்றன. "தொண்ட நல்லாத்தாங்க இருக்கு, கர்னல்." மூச்சை இழுத்து, முற்றம்வரை கேட்கும்படி கத்துகிறான்: "க்ரட்சருக்கு!"

வெளியே குவளைச் சத்தம் அடங்குகிறது. க்ரட்சர் நன்றி சொல்ல எழுகிறார். ஏனோக் அவரைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவின் நோட்டின்மேல் குனிகிறான்.

"எழுதுங்க. எம்பேரயும் முழுசா எழுதுங்க."