வேர்த்தால்தான் வக்கீல்

"இடுப்பு கழண்டு விழுது, டிஹோமிர். இன்னும் எவ்வளவு நேரம் என்னைத் திட்டப்போறே?"

வல்யேவோ வர்த்தக நீதிமன்றத்தின் நடைக்கூடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள் சென்கா. காலை எட்டுக்கு ஆரம்பித்த சமரசப் பேச்சு. மணி இப்போது ஒன்றரை.

"இன்னும் ஒரு சுற்று. உன் கட்சிக்காரர் மூஞ்சி சரியாச் சிவக்கலை," என்றான் எதிர்த்தரப்பு வக்கீல் டிஹோமிர். "அது இருக்கட்டும். என்னைக் கழுதைன்னியே, அது நாம பேசி வச்சதுல இல்லையே."

"வாய்ல வந்துடுச்சு."

சட்டக் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. சமரசப் பத்திரத்தை வெள்ளிக்கிழமையே இரண்டு காப்பிக்கு நடுவில் எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய கட்சிக்காரர்கள் ரடிசாவும் பிளகோயேயும் மூட்டை தூக்கி, கொப்பரைக்கு அடியில் விறகு தள்ளி முதலாளியானவர்கள். அறுபதைத் தாண்டியும் உள்ளங்கை மண்வெட்டிப் பிடி மாதிரி இருக்கும். வேர்க்காமல் செய்ததை அவர்கள் வேலை என்றே மதிப்பதில்லை. வேர்க்காத வக்கீலை, விலைபோனவர் என்பார்கள். ஆகவே கத்தியே தீரவேண்டும்.

கத்துவதற்கும் நேரம் குறைவு. இருபது வருடமாகக் கூட்டாக நடத்திய பிளம் பிராந்தி வடிசாலைக்கு, புட்டியில் யார் பெயர் முதலில் என்ற வழக்கு முடியும்வரை என்று நீதிமன்றம் முத்திரை வைத்துவிட்டது. உள்ளே பதினாறு தொட்டியில் பழக்கூழ் புளித்து நிற்கிறது. இன்று நீதிமன்றம் மூடும் மூன்று மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால், நாளைக்கு அத்தனையும் காடி.

மறுபடி உள்ளே போனார்கள். டிஹோமிர் மேசையைக் குத்தினான். சென்கா கோப்பைத் தூக்கி எறிந்தாள். ரடிசாவ் எழுந்து, புட்டியில் பிளகோயே பெயர் முதலில் வந்தால் ஆற்றில் குதித்துவிடுவதாகச் சொன்னார். கோலுபாரா ஆற்றில் இப்போது முழங்கால் தண்ணீர்தான், கால்தான் உடையும் என்றார் பிளகோயே. ரடிசாவ் அவருடைய மீசை, மாப்பிள்ளை, டிராக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் திட்டி முடித்தார். சென்காவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. இருமி விழுங்கினாள்.

இரண்டே காலுக்கு, அப்போதுதான் மூளையில் பட்டதுபோல், ஒரு வருடம் இவர் பெயர் முதலில், மறு வருடம் அவர் பெயர் என்று டிஹோமிர் முன்வைத்தான். அச்சடித்து வருவதாக வெளியே ஓடி, வெள்ளிக்கிழமையிலிருந்து பைக்குள் கிடந்த தாளை, சூடு ஆறாதது மாதிரி ஊதிக்கொண்டே கொண்டுவந்தான். கட்சிக்காரர்கள் முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

"உசுரைக் குடுத்துக் கத்தினீங்க, வக்கீலம்மா," என்று ரடிசாவ் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியேறினார்.

முத்திரை உடைக்கும் உத்தரவோடு சென்கா துள்ளாத குறையாகப் படியிறங்கினாள். திருப்பத்தில் கீழிருந்து குரல் கேட்டு நின்றாள்.

"திட்டுறப்போ மீசையை ஏண்டா பேச்சுல இழுத்தே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் பிளகோயே.

"பின்னே? அந்தப் புள்ளைங்க அவ்வளவு பாடுபடறப்போ, முந்தாநாளே உன் வீட்டுப் புனிதர் திருநாள் பந்தியில எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டோம்னு எப்படிச் சொல்றது? மனசு ஒடிஞ்சிடாதா?"

"அழைக்காமலே வந்து நின்னியே, நீ பெரிய ஆளுதான்."

"அன்னிக்கு வாசல்ல நிக்கிறவனை வெரட்டக்கூடாதுல்ல. அந்தத் தைரியம்தான்."

"சரிடா. டிசம்பர்ல உன் வீட்டுப் புனிதர் நாள் வருது. உன் பந்தியில நான் வந்து உக்கார வேண்டிய கடன் இன்னும் பாக்கி."